ஃபோனுக்கு நாலு ஸ்டார், டெம்பர் கவுண்டருக்கு ஒண்ணு

கோயம்புத்தூர் காந்திபுரத்துல புது ஃபோன் வாங்கலாம்னு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். கடை பேரு போடல, கேட்டு மெசேஜும் பண்ணாதீங்க. கிராஸ் கட் ரோட்ட சுத்தி இருக்கற பெரிய மொபைல் ஷோரூம்ல ஒண்ணுன்னு வச்சுக்கங்க, ஏன்னா நான் சொல்லப்போற விஷயத்துல இந்த கடைக்கும் பக்கத்து கடைக்கும் பெருசா வித்தியாசம் இருக்கும்னு எனக்கு தோணல. ஃபோன் விக்கறதுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுக்கலாம். டெம்பர் கிளாஸ் ஒட்டற கவுண்டருக்கு ஒரு ஸ்டார், அதுவும் ஜீரோ குடுக்க வழி இல்லாததால.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி வெறும் கோவத்துல எழுதுன மாதிரி ஆயிடும். சேல்ஸ்ல இருந்த பொண்ணு உண்மையிலயே விஷயம் தெரிஞ்சவங்க. ரெண்டு மாடலுக்கு நடுவுல குழம்பிட்டு நின்னேன், அவங்க ரெண்டு டெமோ பீஸையும் எடுத்துகிட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு போய், வெயில்ல எந்த ஸ்கிரீன் பளிச்சுனு தெரியுதுன்னு நீங்களே பாத்துக்கங்க்கான்னு காமிச்சாங்க, நான் பாத்த எந்த யூடியூப் ரிவ்யூவும் இத பண்ணல. விலை ஆன்லைன்ல இருந்த அதே 42,999தான், கார்டு ஆஃபர்ல 3000 கழிஞ்சுது, பழைய ஃபோனுக்கு வெளிய கேட்டத விட கொஞ்சம் சேத்தியே போட்டாங்க. இன்சூரன்ஸ் வேணுமான்னு கேட்டாங்க, வேண்டாம்னதும் விட்டுட்டாங்க, தொணதொணன்னு பின்னாடியே வரல. சீல் என் கண்ணு முன்னாடிதான் பிரிச்சாங்க, ஐஎம்ஈஐ நம்பர பாக்ஸ்லயும் ஃபோன்லயும் பில்லுலயும் ஒத்து பாத்து டிக் அடிச்சாங்க. அப்பறம் வழக்கம்போல அந்த ஃபோட்டோ. கடை லோகோ முன்னாடி நம்மள நிக்க வச்சு, கையில புது ஃபோன குடுத்து, சிரிங்க்கான்னு சொல்லி எடுப்பாங்களே, அவங்க இன்ஸ்டா பேஜ்ல போடறதுக்கு. எனக்கு இதெல்லாம் கூச்சம், வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன், எப்படியோ நின்னுட்டேன். அந்த ஃபோட்டோவ ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேலைக்கு ஆச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். புது ஃபோன் வாங்குனா பில் போட்டதுக்கப்பறம் அது நேரா நம்ம கைக்கு வராது, கவனிச்சிருக்கீங்களா? நாப்பதாயிரம் ஐம்பதாயிரம் குடுத்தவங்க அத ஒழுங்கா திருப்பி கூட பாத்திருக்க மாட்டாங்க, அதுக்குள்ள "டெம்பர் போட்டு குடுத்துர்றோம்"னு சொல்லி இன்னொரு கவுண்டருக்கு போயிடும். அந்த கவுண்டர் எங்க இருக்கும்? கடையிலயே நல்ல லைட்டு, நல்ல ஏசி, தொடச்சு வச்ச டேபிள் எல்லாம் டெமோ ஃபோனுக்கு. டெம்பர் ஒட்டற எடம் வாசக்கதவு ஓரமா, ரோட்டு தூசி உள்ள வர்ற எடத்துல, மேல ஒரு ஃபேன் வேற சுத்திட்டு இருக்கு. துளி தூசி விழுந்தாலே பப்புள் வர்ற வேலைக்கு ஃபேனுக்கு கீழ எடம் ஒதுக்குன புண்ணியவான் யாருன்னு தெரியல.

கவுண்டர்ல இருந்த தம்பிக்கு இருவது வயசு இருக்கலாம். அவன் முன்னாடி ஏற்கனவே வரிசையா ஃபோன் பாக்ஸ் காத்துட்டு இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேற. "நார்மல் 299, சூப்பர் டி 499, ப்ரைவசி 799, எல்லாமே 9எச்சுங்க்கா, சுத்தியல்ல அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது"ன்னு ஒரே மூச்சுல சொன்னான். இந்த 9எச் பத்தி ஒரு வார்த்த சொல்லிடறேன், ஏன்னா இத வச்சுதான் எல்லா கடையிலயும் ஓட்டறாங்க. இது பென்சில் கணக்கு. எச்பி, 2எச்னு பென்சில் வாங்குவோம்ல, அந்த வரிசையில ரொம்ப கெட்டியானது 9எச், அந்த பென்சிலால கீறுனா கோடு விழாதுன்னுதான் அர்த்தம். வைரம் 10, குவார்ட்ஸ் 7னு கல்லோட கெட்டித்தன்மைய அளக்கற மோஸ் கணக்கு வேற. அந்த கணக்குல கண்ணாடி 6 பக்கத்துலதான் நிக்கும். நம்ம ரோட்டு மண்ணுல இருக்கற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதனால 9எச்னு எழுதுன கிளாஸையும் ஒரு மணல் துணுக்கு கீறிடும், ஃபோனோட சொந்த கண்ணாடியையும் கீறிடும். சரி, 499 கிளாஸே போடுன்னேன்.

அவன் ஃபோன நேரா கண்ணாடி கவுண்டர் மேல மல்லாக்க வச்சான். கீழ மேட் இல்ல, துணி இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப வர்ற ஃபோன் எல்லாத்துக்கும் பின்னாடி கேமரா துருத்திட்டு இருக்குல்ல, மல்லாக்க வச்சா ஃபோன் அந்த கேமரா வளையத்து மேலதான் நிக்கும். முன்னாடி துணி போட்டு அழுத்தி தொடைக்கும்போது ஃபோன் இப்படியும் அப்படியும் ஆடும், ஆடும்போது வளையம் கவுண்டர்ல இருக்கற தூசி மேல தேயும். நாம எல்லாம் முன்பக்கம் கிளாஸ் நேரா உக்காருதா, பப்புள் வருதான்னு பாத்துட்டு இருப்போம், பின்பக்கம் என்ன நடக்குதுன்னு யாரும் பாக்கறதில்ல. தொடைக்கறதுக்கு மொதல்ல பாக்கெட்ல வந்த ஈர வைப்ப போட்டான், அது சரி. அடுத்து அந்த பாக்கெட்டுலயே இருந்த காய்ஞ்ச துணிய விட்டுட்டு, கவுண்டர் ஓரத்துல கெடந்த ஒரு மஞ்ச துணிய எடுத்தான். காலையில இருந்து வந்த ஃபோன் எல்லாத்தையும், நடுவுல கவுண்டரையும் தொடச்ச துணி அது. பாக்கெட் துணி இருக்கே தம்பின்னேன், "இதுல தாங்க்கா நல்லா போகும்"னான்.

மொத கிளாஸ் கோணலா உக்காந்துருச்சு. செல்ஃபி கேமரா ஓட்டைக்கு நேரா வரல, ஒரு பக்கம் இடுக்கு தெரியுது. அவனே பாத்துட்டான், கழட்டி வேற போட்டுர்றேன்னான், அந்த மட்டும் நல்லவன். நகத்தால தூக்க பாத்தான், வரல. பேனா ஸ்டாண்ட்ல இருந்து கட்டர எடுத்து பிளேட ரெண்டு கட்டம் வெளிய தள்ளுனான். ஐயோ தம்பி பிளேடு வேண்டாம்னு வாய் தொறக்கறதுக்குள்ள மேல் மூலையில விட்டு நெம்பிட்டான். கிளாஸ் மேல வந்துருச்சு, பிளேடு வழுக்கி ஃபிரேம்ல இறங்கிருச்சு. சத்தம் கூட வரல.

என் ஃபோன் அடர் நீலம், ஃபிரேம் அலுமினியம். அலுமினியத்துக்கு கலர் குடுக்கறது பெயிண்ட் இல்ல, அனோடைஸ் பண்ணி மேல வர்ற ஒரு பூச்சு, அதுலதான் சாயம் ஏத்துவாங்க. அந்த பூச்சு கெட்டிதான், ஆனா சில மைக்ரான் கனம்தான் இருக்கும், கீழ இருக்கற அலுமினியம் சாஃப்ட்டு. மூலை, விளிம்பு மாதிரி எடத்துல பிளேடு பட்டா பூச்சு போய் வெள்ளி கலர் பல்ல காட்டும். லைட் கலர் ஃபோனா இருந்தா அவ்வளவா தெரியாது, நீலத்துலயும் கருப்புலயும் அப்பட்டமா தெரியும். இடது பக்கம் மேல் மூலையில ஒரு அரிசி நீளத்துக்கு வெள்ளி கோடு. திருப்பி பாத்தா ரெண்டு கேமரா வளையத்துலயும் பொடிப்பொடியா கீறல், டார்ச் அடிச்சா வட்டமா மின்னுது. ஸ்கிரீன் தப்பிச்சுது, அந்த மஞ்ச துணிக்கு எப்படி தப்பிச்சுதுன்னு இன்னும் எனக்கு புரியல. வாட்ஸ்அப் கூட இன்னும் ஏத்தாத ஃபோன்.

காமிச்சேன். தம்பி முகம் வெளுத்துருச்சு, ஆனா வாயில வந்தது என்ன தெரியுமா, "கவர் போட்டா தெரியாதுங்க்கா". சொல்லிட்டே ஒரு பவுச்ச எடுத்து மாட்டியும் விட்டுட்டான், ஃப்ரீயா. உண்மைதான், கவர் போட்டா தெரியாது. அப்ப கலர் கலரா நாலு ஃபோன் எதுக்கு வரிசையா வச்சு காமிச்சீங்க, எல்லாரும் கவர் போட்டுத்தான வச்சுக்க போறோம்.

அடுத்தது மேனேஜர். மரியாதையா பேசுனார், அத மறுக்கல, உக்கார சொல்லி டீ எல்லாம் வரவச்சார். மொத பாட்டு, "இது பாக்ஸ்லயே இருந்திருக்கும் மேடம், சில சமயம் கம்பெனியில இருந்தே அப்படி வரும்". இங்கதான் அந்த இன்ஸ்டா ஃபோட்டோ வந்துச்சு. உங்க கேமராலயே எடுத்ததுங்க, டெம்பர் போடறதுக்கு முன்னாடி எடுத்தது, பெருசு பண்ணி பாருங்கன்னேன். நான் ஃபோன தூக்கி புடிச்ச லட்சணத்துல அந்த இடது மூலை தெளிவா தெரியுது, நீலமா, கோடு இல்லாம. கவுண்டருக்கு மேல கேமராவும் இருக்கு, அதையும் போட்டு பாக்கலாமேன்னேன். அதுக்கப்பறம் அந்த பாட்ட நிறுத்திட்டார்.

ரெண்டாவது பாட்டு, "டெம்பர் ஒட்டறது எங்க தரப்புல ஃப்ரீ சர்வீஸ் மேடம்". இத ஏதோ பேச்சுக்கு சொல்றார்னு நினைக்காதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல சேவைக்குன்னு ஒரு விளக்கம் இருக்கு, காசு வாங்காம செய்யற சேவை அதுல சேராது. அதனால ஃப்ரீன்னு ஒத்துகிட்டோம்னா நம்ம கால நாமளே வெட்டிக்கற மாதிரி. நல்லவேளை பில்லுல ஃபோனுக்கு கீழயே தனி வரியா "டெம்பர்ட் கிளாஸ் வித் ஃபிட்டிங் 499"னு அடிச்சு இருந்துச்சு. காட்டுனேன். வித் ஃபிட்டிங்னு போட்டு காசு வாங்கியிருக்கீங்க, ஜிஎஸ்டியும் சேத்துத்தான் வாங்கியிருக்கீங்க, அப்ப ஒட்டும்போது கீறுனா அது சேவை குறைபாடுன்னேன். எங்க மாமா ஒருத்தர் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவர், அவரு வாயில இருந்து இந்த மாதிரி வார்த்தையெல்லாம் சின்ன வயசுல இருந்தே கேட்டு கேட்டு காது பழகிருச்சு.

பில்லுக்கு கீழ அந்த வழக்கமான வரியும் இருந்துச்சு, விற்ற பொருள் திரும்ப பெறப்பட மாட்டாதுன்னு. அந்த வரிக்கு அவ்வளவு பவர் இல்லைங்க. குறை உள்ள பொருள பில்லுல சொன்ன நாளுக்குள்ள, நாள் எதுவும் சொல்லலேன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றதையே முறையற்ற வணிகம்னு அதே சட்டம் சொல்லுது. ஆனா என் கேஸ்ல பொருள்ல குறை இல்ல, பொருள் நல்லாத்தான் வந்துச்சு, கடைக்காரங்க கைதான் கெடுத்துச்சு. அதனால நான் கம்பெனிய இழுக்கல. கம்பெனி வாரண்டியும் வெளிக்கீறல எடுத்துக்காது, சர்வீஸ் சென்டருக்கு போய் நின்னா சிரிச்சு அனுப்பிடுவாங்க. ஃபிரேம் மட்டும் மாத்தலாம்னா நிறைய மாடல்ல ஃபிரேமும் டிஸ்பிளேயும் ஒரே செட்டாத்தான் வரும், ஒரு கோட்டுக்காக புது டிஸ்பிளே விலைய குடுக்கணும்.

மாத்தி வேற பீஸ் குடுங்கன்னு கேட்டேன். ஃபோன் ஆக்டிவேட் ஆயிருச்சு, திரும்ப எடுத்தா கம்பெனி எங்களுக்கு கிரெடிட் தராதுன்னார். அது நிஜமாத்தான் இருக்கும், டீலர் கஷ்டம் டீலருக்கு. ஆனா அடுத்து ஒண்ணு சொன்னார் பாருங்க, அங்கதான் எனக்கு நிஜமா கோவம் வந்துச்சு. "வேணும்னா பையன் சம்பளத்துல புடிச்சு ரெண்டாயிரம் குடுத்துர்றேன் மேடம்". அந்த தம்பி தூண் ஓரமா நின்னு கேட்டுட்டு இருக்கான். அவன் சம்பளத்துல எனக்கு பத்து பைசா வேண்டாம். மேட் வாங்கி தராதது அவனா? ஃபேன் கீழ உக்கார வச்சது அவனா? ஒரு ஃபோனுக்கு அஞ்சு நிமிஷம் கூட குடுக்காம அடுத்த பாக்ஸ நீட்டுனது அவனா? இத்தனைக்கும் அந்த 499 கிளாஸ் மாதிரி ஒண்ணு வெளிய பிளாட்பாரத்துல 100, 150க்கு தொங்குது, மொத்தமா எடுத்தா இன்னும் கொறையும். ஃபோன்ல கடைக்கு நிக்கற மார்ஜின் ரொம்ப கம்மின்னு எல்லாருக்கும் தெரியும், லாபம் இந்த கிளாஸ், கவர், சார்ஜர்லதான் வருது. அதாவது கடைக்கு காசு பாத்து குடுக்கற கவுண்டர், ஆனா கடையிலயே கேவலமா வச்சிருக்கற கவுண்டரும் அதுதான், புதுசா சேந்தவன அதுலதான் உக்கார வப்பாங்க.

வீட்டுக்கு வந்து 1915க்கு கூப்டேன், நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். பில், ஃபோட்டோ, கீறல் குளோசப் எல்லாம் ஏத்துனேன். இது கோர்ட் இல்ல, கேஸுக்கு முன்னாடி கடைக்கும் நமக்கும் நடுவுல பேசி விடற எடம், தீர்ப்பு எல்லாம் குடுக்க மாட்டாங்க. அதுல ஆவலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, நம்ம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் கட்டாயம் இல்ல. அதுவரைக்கும் போக வேண்டி வரல. கடையோட ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா கூப்டாங்க, பேசுனோம், கடைசியில கிளாஸ் காசு 499ம் அதுக்கு மேல 3000மும் யூபிஐல போட்டாங்க. பையன் சம்பளத்துல புடிக்க மாட்டோம்னு வாயால சொல்ல வச்சேன், செஞ்சாங்களா இல்லையான்னு அந்த கடவுளுக்குத்தான் தெரியும். கோடு அப்படியே இருக்கு.

சொல்ல மறந்துட்டேன், நான் சண்ட போட்டுட்டு இருந்தப்ப பக்கத்துல ஒரு அண்ணாவோட வளைஞ்ச ஸ்கிரீன் ஃபோனுக்கு யூவி கிளாஸ் ஒட்டிட்டு இருந்தாங்க. அத பாத்ததுக்கு என் கோடே தேவலன்னு ஆயிருச்சு. பசை தண்ணி மாதிரி இருக்கும், ஸ்கிரீன் மேல ஊத்தி, கிளாஸ் வச்சு, நீல லைட்டு அடிச்சா இறுகும். ஊத்தும்போது ஓரத்துல வழியும்ல, அது காதுல வச்சு பேசற ஸ்பீக்கர் வலைக்குள்ளயும் பக்கத்து பட்டன் இடுக்குலயும் போய் அங்கயே இறுகிடும். ஸ்பீக்கர் வலைக்கு மேல டேப் ஒட்டிட்டுத்தான் ஊத்தணும், இங்க டேப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, வழிஞ்சத டிஷ்யூல ஒத்தி எடுக்கறாங்க. 2024ல ஷவோமி இந்தியாவே இந்த யூவி பசை கிளாஸ் வேண்டாம், பட்டன், ஸ்பீக்கர் எல்லாம் கெடும், வாரண்டியும் போயிடும்னு எச்சரிக்கை குடுத்தாங்க. அந்த அண்ணாகிட்ட மெதுவா சொன்னேன், "பரவால்லீங்க, டிஸ்பிளேல கைரேக வேலை செய்யணும்ல"ன்னார். அவர் சொல்றதும் வாஸ்தவம்தான், ஒலி அலைய வச்சு ரேகை படிக்கற அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கற ஃபோன்ல கிளாஸுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல காத்து இடைவெளி இருந்தா ரேகை எடுக்காது. 2019ல சாம்சங் எஸ்10ல இது தலைகீழா போச்சு, ஸ்கிரீன் மேல ஒரு சிலிக்கோன் கவர போட்டா யார் விரல் வச்சாலும் ஃபோன் தொறந்துச்சு, அப்பறம் அப்டேட் விட்டுத்தான் சரி பண்ணுனாங்க. அந்த மாதிரி ஃபோன் வச்சிருக்கறவங்க ஃபோன் கம்பெனி சொல்ற கிளாஸ் எதுன்னு பாத்து வாங்குங்க, கவுண்டர்ல "எல்லாத்துக்கும் செட் ஆவுங்க்கா"ன்னு சொல்றத நம்பாதீங்க.

தட்டையான ஸ்கிரீன்னா வீட்லயே போட்டுக்கறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. இப்ப ஃபிரேமோட வர்ற கிட் ஆன்லைன்ல கெடைக்குது, ஒரு பிளாஸ்டிக் தட்டு மாதிரி ஃபோன் மேல உக்காரும், அமுக்கிட்டு ஒரு நாடாவ இழுத்தா கிளாஸ் நேரா போய் ஒட்டிக்கும், கோணலா போறதுக்கே வழி இல்ல. எங்கம்மா ஃபோனுக்கு அப்படித்தான் போட்டேன், பாத்ரூம்ல. சிரிக்காதீங்க, குளிச்சு முடிச்ச பாத்ரூம்ல தூசி அடங்கி இருக்கும், ஃபேனும் இல்ல. கீழ ஒரு துண்ட நாலா மடிச்சு போட்டுட்டா கேமரா வளையமும் தேயாது. கடையிலதான் ஒட்டணும்னா மொதல்ல நாலு பக்கமும் வீடியோ எடுத்துருங்க, மூலை எல்லாம் தெரியற மாதிரி, டேட்டோட. பவுச்ச மொதல்லயே மாட்டிட்டு அதுக்கப்பறம் கிளாஸ் ஒட்ட சொல்லுங்க, பின்பக்கமும் ஃபிரேமும் பாதி தப்பிச்சுக்கும், இது ஒண்ணுதான் எந்த கடையிலயும் மொனகாம செய்வாங்க. பிளேட கண்டா ஃபோன புடிங்கிக்கங்க, கிளாஸ தூக்கறதுக்கு ஒரு பிளாஸ்டிக் கார்டு போதும். பில்லுல கிளாஸ் தனியா, ஃபிட்டிங்கோட அடிச்சிருக்கான்னு பாருங்க, ஃப்ரீயா குடுக்கறாங்கன்னு சந்தோஷப்படாதீங்க.

இவ்வளவுக்கு அப்பறமும் போன மாசம் நாத்தனாருக்கு ஃபோன் வாங்க அதே கடைக்குத்தான் போனோம், விலை அங்கதான் சரியா இருந்துச்சு, அதே சேல்ஸ் பொண்ணுதான் காமிச்சாங்க. பில்லு போட்டதும் டெம்பர் போட்டு தரட்டுங்களான்னாங்க, வேண்டாங்க பாக்ஸ மூடி குடுத்துருங்கன்னோம், ஒரு மாதிரி பாத்தாங்க. கவுண்டர்ல இப்ப ஒரு ரப்பர் மேட் போட்டிருக்காங்க. ஃபேன் அங்கயேதான் சுத்துது, தம்பிய காணோம், வேற பையன் இருந்தான்.

வண்டியில வர்றவங்களுக்கு, டூ வீலருக்கு கடை பின்னாடி சந்துல எடம் இருக்கு, காருக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், வார நாள்ல காலையில கடை தொறந்ததும் போனா எக்ஸ்சேஞ்சுக்கு நின்னு பேரம் பேசலாம்.